எரிபொருள் மின்கல மின்வாய்ச் சிதைவு

எரிபொருள் மின்கலத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மின்வாய்களில் வினைபுரிந்து மின்சாரம் தருகின்றன. பயன்பாட்டின்போது அம்மின்வாய்ப் பொருள்கள் உருமாறித் திறன் இழப்பது மின்வாய்ச் சிதைவு எனப்படும். மின்கலத்தின் ஆயுளை இதுவே பெரிதும் தீர்மானிக்கிறது.

வரலாறு: 1839-இல் பிளாட்டினத்தையும் கந்தக அமிலத்தையும் கொண்டு எரிபொருள் மின்கலத்துக்கு வழிகாட்டியவர் வில்லியம் குரோவ். பிரிட்டன் பொறியாளர் பிரான்சிஸ் தாமஸ் பேக்கன் விலை குறைந்த நிக்கலையும் காரக் கரைசலையும் பயன்படுத்தினார். ஆனால் ஆக்சிஜன் பக்க நிக்கல் அரித்துப்போனது. மின்வாயை முன்னதாகவே லித்தியம் சேர்த்து ஆக்சிஜனேற்றி, மின்சாரத்தைக் கடத்தும் காப்புப் படலத்தை அவர் உருவாக்கினார். 1959-இல் அவரது 5 கிலோவாட் மின்கல அடுக்கு இயங்கிக் காட்டியது. அப்பல்லோ விண்கலங்களின் மின்கலங்கள் அவ்வழியில் வந்தவையே.

பாலிமர்ச் சவ்வு மின்கலங்களில் பிளாட்டினச் செலவே தடையாக இருந்தது. 1980-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம், கார்பன் தூள்மீது பதித்த நுண்துகள்களைக் கொண்டு, சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராமாக இருந்த பிளாட்டின அளவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக்கியது. செலவு குறைந்தது, ஆனால் துகள் சிறுக்கச் சிறுக்க அதன் நிலைப்புத்தன்மையும் குறைந்தது.

சிதையும் விதம்: சில நானோமீட்டர் அளவே உள்ள பிளாட்டினத் துகள்கள், மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் சிறிது சிறிதாகக் கரைகின்றன. கரைந்த அயனிகள் பெரிய துகள்கள்மேல் படிவதால் சிறியவை மறைந்து பெரியவை வளர, வினைக்கான பரப்பு சுருங்குகிறது. சவ்வுக்குள் புகும் அயனிகள் அங்கு ஊடுருவி வரும் ஹைட்ரஜனால் மீண்டும் உலோகமாகி, பயனற்ற பட்டையாகப் படிகின்றன.

கார்பனும் அரிக்கப்படுகிறது. நின்றுபோன மின்கலத்தின் ஹைட்ரஜன் பக்கத்தில் காற்று புகுந்துவிடும். மீண்டும் இயக்கும்போது அங்கு ஒரு பகுதியில் ஹைட்ரஜனும் மறுபகுதியில் காற்றும் இருக்கும். அந்தச் சிறு பொழுதில், காற்றுள்ள பகுதிக்கு எதிரேயுள்ள ஆக்சிஜன் மின்வாயின் மின்னழுத்தம் சுமார் 1.5 வோல்ட்டை எட்டுகிறது. கார்பன் கரியமில வாயுவாகி வெளியேற, பிளாட்டினம் பிடிமானத்தை இழக்கிறது. இதை 2005-இல் கார்ல் ரைசர் குழுவினர் விளக்கினர்.

உயர்வெப்பத் திண்ம ஆக்சைடு மின்கலங்களில் நிக்கல் துகள்கள் திரண்டு பருப்பதும், எஃகுப் பாகங்களிலிருந்து எழும் குரோமிய ஆவி ஆக்சிஜன் மின்வாயைக் கெடுப்பதும் முதன்மையான சிதைவுகள்.

தடுப்பு: பிளாட்டினம்–கோபால்ட் கலப்புலோகம், கிராஃபைட் தன்மை ஏற்றிய கார்பன், நிறுத்தித் தொடங்கும்போது மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் முறை ஆகியவை கையாளப்படுகின்றன. சீராக ஓடும் மின்கலத்தைவிட அடிக்கடி நின்று தொடங்கும் மின்கலமே விரைவில் சிதைகிறது. ஆகவே, ஓடிய மணிக்கணக்கை மட்டும் கொண்டு ஆயுளை மதிப்பிடுவது சரியன்று. எத்தனை முறை நிறுத்தித் தொடங்கப்பட்டது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.