லேசர் துருநீக்கம்

லேசர் துருநீக்கம் என்பது உலோகப் பரப்பில் படிந்த துருவையும் பிற ஒட்சைட்டுப் படைகளையும் மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளால் பெயர்த்தெடுக்கும் முறை. மணல், அமிலம், கம்பித் தூரிகை எதுவும் இதில் உலோகத்தைத் தொடுவதில்லை. யாழ்ப்பாணத்தார் கறள் என்று சொல்வதை மலையகத்தார் துரு என்பர். பாடநூலில் அது நீரேறிய இரும்பு ஒட்சைட்டு.

துருவும் இரும்பும் ஒளியை ஒரே மாதிரி ஏற்பதில்லை. முறை முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. துப்புரவுக்குப் பெரும்பாலும் பயன்படுவது 1064 நனோமீற்றர் அளவான அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. சுத்தமான இரும்பு இதில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். துரு பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். துரு நுண்துளைகள் நிறைந்தது, வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே விழுங்கிய சக்தி விழுந்த இடத்திலேயே தேங்கி, மேற்படை கண நேரத்தில் ஆவியாகிறது. துளைகளில் ஒளிந்திருந்த ஈரம் நீராவியாகப் பொங்கி, ஆவியாகாத செதில்களையும் தள்ளிவிடுகிறது. கருவி ஓடும்போது கேட்கும் படபடப்புச் சத்தம் இந்தச் சிறு வெடிப்புகளின் சத்தமே.

துரு போனதும் வெறும் உலோகம் ஒளியைத் திருப்பத் தொடங்குவதால் வேலை தானே நின்றுவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. ஒரு சதுர சென்ரிமீற்றரில் விழும் சக்தி, துருவைப் பெயர்க்கும் எல்லைக்கு மேலும் இரும்பை உருக்கும் எல்லைக்குக் கீழும் இருக்கும்வரைதான் அது சரி. 100 வாற்று லேசர் ஒன்று செக்கனுக்கு 1,00,000 துடிப்புகளை விட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் இருப்பது ஒரு மில்லியூல் மட்டுமே. அதை 0.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள புள்ளியில் குவித்தால் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 13 யூல் ஆகிவிடும். அதே புள்ளியை இரு மடங்கு அகலமாக்கினால் நாலில் ஒரு பங்குதான் கிடைக்கும். வலுவைக் கூட்டிக் குறைப்பதைவிடக் குவியத்தைச் சரியாகப் பிடிப்பதுதான் கைத்திறன்.

துடிப்பின் நீளமும் அவ்வளவு முக்கியம். 100 நனோசெக்கனில் வெப்பம் இரும்புக்குள் ஓரிரு மைக்ரோமீற்றருக்கு மேல் இறங்காது. ஒரு மில்லிசெக்கன் கொடுத்தால் நூறு மடங்கு ஆழம் போய்விடும். சந்தையில் துருநீக்கி என்ற பெயரில் விற்கப்படும் மலிவான கருவிகள் பல துடிப்பு லேசர்களே அல்ல. 1,000 வாற்றுக்கு மேற்பட்ட தொடர் ஒளியை விடும் ஒட்டுக்கருவிகளின் உறவினர். தடித்த உருக்குத் தூணுக்கு அவை போதும். மெல்லிய தகட்டை நெளித்துவிடும். சூடான இரும்பு மறுபடி ஒட்சிசனைப் பற்றி மஞ்சளும் நீலமுமாகப் புதிய படலம் போர்த்திக்கொள்ளும்.

அலுமினியத்தில் கதை தலைகீழ். அதன் ஒட்சைட்டு இந்த அலைநீளத்துக்குக் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி. ஒளி ஊடுருவி அடியிலுள்ள உலோகத்தைச் சுடுகிறது, சூடான உலோகம் மேற்படலத்தைத் தூக்கி எறிகிறது. ஒட்சைட்டு உருக 2,072 பாகை செல்சியஸ் வேண்டும், அலுமினியத்துக்கு 660 பாகையே போதும். ஒட்டு வேலைக்கு முன் அந்தப் படலத்தை அகற்றியே தீரவேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

முதல் லேசரை தியோடர் மெய்மன் 1960இல் இயக்கினார். ஐந்தே ஆண்டுகளில் ஆர்தர் ஷாலோ, தாள் கருகாமல் எழுத்து மையை மட்டும் ஆவியாக்கும் லேசர் அழிப்பானைக் காட்டினார். 1970களின் தொடக்கத்தில் வெனிஸ் நகரச் சிலைகளை முப்பரிமாணப் படமெடுக்கப் போன ஜோன் அஸ்மஸ், அதற்குக் கொண்டுபோன மாணிக்க லேசரே சலவைக்கல்லின் கரும்படிவைக் கழற்றுவதைக் கண்டார். புளோரன்ஸ் நகரில் கிபெர்ட்டி வார்த்த பொன் பூசிய வெண்கலக் கதவுகளைத் துப்புரவாக்கியபோதும் துடிப்பு லேசர் கைகொடுத்தது. இன்று டயர் அச்சுகளில் ஒட்டிய இறப்பர்க் கசடு முதல், அணு உலைக் குழாய்களில் கதிரியக்கத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஒட்சைட்டுப் படை வரை இதன் களம் விரிந்திருக்கிறது. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இரண்டாவது துறையில் ஆய்வு செய்துள்ளது.

சிதறிய ஒளியும் விழித்திரையைச் சுட்டுவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குத்தான் இமை மூடும், இந்த அகச்சிவப்புக்கு மூடாது. அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி இல்லாமல் அருகே நிற்கக்கூடாது. பெயர்ந்த துரு எங்கும் போய்விடுவதில்லை, நுண்தூளாக வளியில் மிதக்கிறது. பழைய பெயின்ரில் ஈயம் இருந்தால் அதுவும் மூச்சில் ஏறும்.

இலங்கையின் கேகாலை மாவட்டத்து அரநாயக்க போன்ற ஈரவலய மலைப்பகுதியில் இந்த முறைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஈரவலயம் என்பதே ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பகுதிதான். வளியின் ஈரப்பதன் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே வெறும் இரும்பு துருவேறத் தொடங்கும். இங்கே காலைப் பனிமூட்டத்தில் அது சாதாரணம். லேசர் விட்டுச்செல்வது காப்பே இல்லாத பச்சை உலோகம். உடனே எண்ணெயோ அடிப்பூச்சோ ஏறாவிட்டால் செய்த வேலை வீண். தோட்ட லயங்களின் துத்தநாகம் பூசிய கூரைத் தகரத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது: துத்தநாகம் 907 பாகையிலேயே கொதிக்கும், இரும்பு 1,538 பாகையில்தான் உருகும். துருவோடு மிச்சமிருந்த துத்தநாகக் காப்பும் நச்சுப் புகையாகப் போய்விடும்.

லேசரால் உரிக்கத் தேவையில்லாத படையும் உண்டு: தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியில் சாறு பட்டுப் படியும் கறுப்பு, வெறும் அழுக்கல்ல. சாற்றிலுள்ள பொலிபீனோல்கள் இரும்போடு சேர்ந்து உண்டாகும் சேர்மம் அது. துருமாற்றி என்று விற்கப்படும் திரவங்கள் பலவற்றின் செயற்பொருளான தனிக் அமிலமும் ஏறக்குறைய இதையே செய்கிறது.

இரும்பு ஒட்சைட்டைக் கையாள்வது கேகாலை அடங்கிய சப்ரகமுவ மாகாணத்துக்குப் புதிதுமல்ல. இரத்தினபுரி மாவட்டத்துச் சமனலவெவ மலைச்சரிவுகளில், 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்புத்தாதை உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் 1996இல் ‘நேச்சர்’ இதழில் விவரித்தார். தாதும் ஒட்சைட்டுதான், துருவும் ஒட்சைட்டுதான். ஆனால் அகழ்வில் கிடைக்கும் பழைய இரும்பை உலோகம் பளபளக்கும்வரை லேசரால் உரிப்பதில்லை. மண்ணுக்குள் உலோகம் கரைந்துபோன பிறகு, கருவியின் மூல வடிவமும் சம்மட்டித் தடமும் அந்த ஒட்சைட்டுப் படைக்குள்தான் எஞ்சியிருக்கும். அங்கே ஒளி நிறுத்தப்படுவது வெளிமண்ணும் தளர்ந்த துருவும் நீங்கியவுடன்.