படகு ஜி.பி.எஸ். பாயிண்டை செல்போனுக்கு மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

விசைப்படகு வைத்திருக்கும் மீனவர்களிடம் இப்போது வழிகாட்ட இரண்டு கருவிகள் உள்ளன. படகில் பொருத்திய ஜி.பி.எஸ். ஒன்று, கையில் உள்ள செல்போன் மற்றொன்று. படகில் பதிந்த பாயிண்டை போனில் ஏற்றுவதும், போனில் வந்த பாயிண்டைப் படகுக் கருவியில் ஏற்றுவதும் அன்றாட வேலையாகிவிட்டது. இதில் நடக்கும் ஒரு சிறு தவறு வலையைக் கிழிக்கலாம், படகை எல்லைப் பக்கம் கொண்டு போகலாம், ஆபத்து நேரத்தில் தேடி வருபவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடலாம். பயிற்சி முகாம்களில் இந்தத் தவறைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் அதை முதலில் விளக்குகிறேன்.

ஒரே இடம், மூன்று விதமான எண்

படகுக் கருவிகள் பெரும்பாலும் டிகிரி, மினிட் என்ற முறையில் இடத்தைக் காட்டும். நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே ஓர் இடம் உங்கள் கருவியில் N 10° 45.600, E 80° 06.300 என்று தெரிவதாக வைத்துக்கொள்வோம். செல்போன் மேப்பில் அதே இடம் 10.7600, 80.1050 என்று வரும். இது முழுக்க டிகிரியில் எழுதும் முறை. மூன்றாவது முறையில் செகண்டும் சேரும்: 10° 45' 36". மூன்றும் ஒரே இடம்தான்.

தவறு எங்கே நடக்கிறது? கருவியில் உள்ள 10° 45.600 என்பதை போனில் 10.45600 என்று தட்டிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கிறது. ஆனால் ஒரு டிகிரிக்கு 60 மினிட். தெற்கு வடக்காக ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். மேலே சொன்ன பாயிண்டை இப்படித் தட்டினால் போன் காட்டும் இடம் 18 கடல் மைல் தெற்கே போய்விடும். 33 கிலோமீட்டருக்கு மேல்! அந்தப் பகுதியில் தெற்கே போகப் போக இலங்கை எல்லை நெருங்கும் என்பதை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாற்றும் கணக்கு எளிது. மினிட் எண்ணை 60 ஆல் வகுத்து டிகிரியோடு கூட்டுங்கள். 45.600 ஐ 60 ஆல் வகுத்தால் 0.76, அதோடு 10 சேர்த்தால் 10.76. போனிலிருந்து படகுக் கருவிக்குக் கொண்டு போகும்போது புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60 ஆல் பெருக்க வேண்டும்.

செகண்ட் முறையில் வரும் தவறு சிறியது, அதனால் கண்ணில் படாது. 45' 36" என்பதை 45.36 மினிட் என்று எழுதினால் 450 மீட்டர் அளவுக்கு இடம் மாறும். எல்லையைப் பொறுத்தவரை இது பெரிதல்ல. பார் மேல் வலை போடாமல் தப்பிக்க நினைப்பவருக்கு இதுவே போதும், வலை போய்விடும்.

கணக்கே வேண்டாம் என்றால் படகுக் கருவியின் செட்டிங்கில் இட முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உடன் வரும் படகுகள் எந்த முறையில் பேசுகின்றனவோ அதையே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. வயர்லெஸ்ஸில் ஒருவர் ஒரு முறையிலும் மற்றவர் வேறு முறையிலும் எண் சொன்னால் குழப்பம்தான்.

டவர் இல்லாத இடத்தில் போன்

டவர் போனதும் போனில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. செயற்கைக்கோள் சிக்னலை போன் நேரடியாக வாங்குகிறது. இட எண் கிடைக்கும். கிடைக்காமல் போவது மேப் படமும் வாட்ஸ்அப்பும்தான். எனவே போகும் பகுதியின் மேப்பைக் கரையிலேயே டவுன்லோடு செய்து வைக்க வேண்டும். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் பெரும்பாலும் டவர் இருக்காது. அங்கிருந்து லொக்கேஷன் அனுப்பலாம் என்று நம்பியிருக்க வேண்டாம்.

புளூடூத் கருவிகள்

2017 ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு 2019ல் வந்தது ஜெமினி கருவி. ககன் செயற்கைக்கோள் வழியாக ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் அனுப்பும் புயல் எச்சரிக்கை, கடல் நிலை, மீன் கூடும் இடம் பற்றிய தகவல்களை வாங்கி, புளூடூத் மூலம் போன் செயலிக்குத் தரும். இதில் செய்தி வரும். நீங்கள் திருப்பி அனுப்ப முடியாது.

டிரான்ஸ்பாண்டர் இரு வழியிலும் பேசும். 1 லட்சம் படகுகளில் இதை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. போனை இணைத்து டவர் இல்லாத இடத்திலிருந்தும் சிறு செய்தி அனுப்பலாம். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கையும் வரும். உங்கள் படகில் இன்னும் பொருத்தவில்லை என்றால் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள்.

இவற்றைப் போனோடு இணைக்கும் வேலையைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். புளூடூத் பத்து மீட்டர் அளவுக்குத்தான் எட்டும். நடுவில் இரும்புத் தகடு இருந்தால் அதுவும் குறையும். போன் வீல் ஹவுஸிலேயே சார்ஜில் இருக்கட்டும். படத்தில் பாட்டு பார்த்து சார்ஜ் தீர்ந்த போனால் ஒரு பயனும் இல்லை.

உதவி கேட்கும்போது

வி.எச்.எஃப். வயர்லெஸ் இருந்தால் 16ஆம் சேனல். டவர் உள்ள இடம் என்றால் கடலோரக் காவல் படையின் 1554. எண்ணைச் சொல்லும்போது டிகிரி எது, மினிட் எது என்று பிரித்து, ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள்: "பத்து டிகிரி, நான்கு ஐந்து புள்ளி ஆறு மினிட் வடக்கு." "பத்து நாற்பத்தைந்து" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு எந்த முறை என்று புரியாது.

சில பழைய கருவிகளில் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்தால் பல வருடம் சேர்த்த பாயிண்டுகள் மொத்தமாக அழிந்துவிடும். பாயிண்ட் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் பார் இருக்கும் இடத்தை ஊர் குரூப்பில் போட யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை எந்தப் பாயிண்டுக்குப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, எந்த முறையில் எழுதியது என்றும் குறித்து, வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.