ஐந்து கோட்டில் அகப்படாத சுரம்

உஸ்மானியரின் இசை பல நூற்றாண்டுகளாக ஏட்டில் அல்ல, நெஞ்சில்தான் இருந்தது. உஸ்தாத் பாடிக் காட்ட, மாணவர் திரும்பத் திரும்பப் பாடி மனனம் செய்வார். இதற்கு ‘மெஷ்க்’ என்று பெயர்.

போலந்திலிருந்து கைதியாகக் கொண்டுவரப்பட்ட அலி உஃப்கி, 17ஆம் நூற்றாண்டில் அரண்மனை இசையை மேற்கத்திய ஐந்து கோட்டு முறையில் எழுதினார். அதுவும் எப்படி? வலமிருந்து இடமாக! கீழே வரும் பாடல் வரிகள் அரபு எழுத்திலாச்சே, பொருந்த வேணும்தானே.

1828இல் இத்தாலியரான ஜுசெப்பே டொனிசெட்டி சுல்தானின் வாத்தியக் குழுவுக்குப் பொறுப்பேற்க வந்த பின் அம்முறை அரண்மனையில் வேரூன்றியது.

சிக்கல் சுரத்தில்தான். துருக்கியக் கணக்கில் ஒரு முழுச்சுர இடைவெளி 9 கொமா. பியானோவிலோ அது இரண்டே பாதி. 20ஆம் நூற்றாண்டில் அரெல், எஸ்கி, உஸ்திலெக் ஆகியோரின் முறை 1, 4, 5, 8 கொமாக்களுக்குத் தனிக் குறிகள் தந்தது. அப்படியிருந்தும் ‘உஷ்ஷாக்’ மகாமின் இரண்டாம் சுரத்தை எழுதியதைவிடத் தாழ்த்தியே வாசிக்கிறார்கள்.

எழுத்து வேணாம் எண்டு நான் சொல்லவில்லை. 1846இல் ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் வபாத்தான தெதே எஃபெந்தியின் ஆக்கங்கள் பல தொலைந்தே போயின, எழுதியிருந்தால் மிஞ்சியிருக்கும். ஆனால் அந்த இரண்டாம் சுரத்தின் இடத்தை இன்றும் உஸ்தாதிடம் கேட்டுத்தான் பிடிக்க வேண்டியிருக்கு.