தோல் நோயும் தொழிலும்: அறிய வேண்டியவை, கோர வேண்டியவை

தூய்மைப் பணியாளர் ஒருவரின் விரலிடுக்கில் புண் கண்டால், "சுத்தமாக இருப்பதில்லை" என்று சொல்லிவிட்டு நகர்வது இச்சமூகத்திற்கு எளிதாக இருக்கிறது. தோல் பதனிடுவோரின் கைவெடிப்பையும், சிமெண்ட் கலவை சுமப்போரின் பாதப்புண்ணையும் அது இதே கண்ணோடுதான் பார்க்கிறது. அழுக்கோடும் நச்சோடும் புழங்கும் வேலைகளைச் சில சாதிகளின் மீது சுமத்திவிட்டு, அவ்வேலைகள் தந்த நோயை அம்மக்களின் இயல்பெனக் காட்டுவது தீண்டாமையின் மற்றொரு முகம். இந்நோய்கள் எவ்வாறு உண்டாகின்றன, தோலை எவ்வாறு பேணுவது, சட்டம் என்ன சொல்கிறது ஆகிய மூன்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தோலுக்கு நேர்வது என்ன?

தோலின் மேலடுக்கு, செல்களும் கொழுப்பும் சேர்ந்து எழுப்பிய சுவர் போன்றது. அதன் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. அமில-கார அளவுகோலில் ஏறத்தாழ 5. சுண்ணாம்பு நீரும் ஈரச் சிமெண்டும் அதே அளவுகோலில் 12-ஐ ஒட்டிய கடுங்காரங்கள். இவையும் பிளீச்சிங் பவுடர், அமிலம், கடுமையான சோப்பு முதலியனவும் அக்கொழுப்பைச் சிதைத்துச் சுவரில் விரிசல் உண்டாக்குகின்றன. வறட்சி, எரிச்சல், வெடிப்பு என வளரும் இந்நிலை உறுத்தல் தோலழற்சி எனப்படும். போதிய அளவு வேதிப்பொருள் பட்டால் எவருக்கும் இது வரும்.

இரண்டாம் வகை ஒவ்வாமைத் தோலழற்சி. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கொண்டு தோலின் மயிர் நீக்கப்படுகிறது. பின்னர் அமிலத்தில் ஊறவைத்து, குரோமிய உப்பால் பதனிடுவது பரவலான முறை. இங்கே பயன்படும் மூவிணைதிறன் குரோமியம், சூழலைப் பொறுத்து, தோலுக்குள் எளிதில் ஊடுருவும் அறுவிணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். இந்த இரண்டாவது வடிவம் சிமெண்டிலும் சிறிதளவு உண்டு. உடல் அதற்கு ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவு பட்டாலும் கொப்புளமும் அரிப்பும் தோன்றும். இது பல ஆண்டுகள், சிலருக்கு வாழ்நாள் முழுதும் நீடிக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமெண்டில் இவ்வகைக் குரோமியத்திற்குப் பத்து இலட்சத்தில் 2 பங்கு என்று வரம்பு விதித்துள்ளது. இரும்பு சல்பேட்டைச் சேர்த்தால் அந்த வரம்பை எட்ட முடியும். நோயின் காரணத்தை உற்பத்தியிடத்திலேயே குறைக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

எப்படி அறிவது?

வேலை நாட்களில் மிகுந்து, நீண்ட விடுப்பில் தணியும் அரிப்பு தொழில்வழி நோயின் வலுவான அறிகுறி. விரல் மூட்டில் வலியற்ற, ஆழமான குழிப்புண் தோன்றினால் அது குரோமியப் புண்ணாக இருக்கலாம். வலி இல்லை என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவ நூல்கள் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலைக் கொண்டு எழுதப்பட்டவை. அவை கூறும் "சிவப்பு", நம் நிறத் தோலில் கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். சிவக்கவில்லை என்பதால் அழற்சி இல்லை என்று கொள்ளலாகாது. எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்பதை ஒட்டுச் சோதனை காட்டும். முதுகில் ஒட்டிய பட்டைகளை இரண்டு நாள் கழித்து அகற்றி, அப்போதும் அடுத்த சில நாட்களிலும் மருத்துவர் பார்ப்பார்.

அன்றாடப் பேணல்

வேலை முடிந்தவுடன் நிறையத் தண்ணீரில் கைகால்களைக் கழுவி, மென்மையான சோப்பைச் சிறிதளவே பயன்படுத்த வேண்டும். கறை போக்க மண்ணெண்ணெய், தின்னர், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றைத் தேய்ப்பது நோயைப் பெருக்கும். துடைத்த சில நிமிடங்களில், தோலில் ஈரம் சற்றே இருக்கும்போது தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம். வெடிப்பின் மீது சுண்ணாம்பு, பூண்டு, எலுமிச்சை வைக்கக் கூடாது. இவை தோலைச் சுட்டுவிடும். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அவ்விடத்தில் எண்ணெய் தவிர்த்து, நன்கு உலர்த்த வேண்டும்.

கிழிந்த கையுறை, இரசாயனத்தை உள்ளே வாங்கித் தோலோடு அடைத்து வைக்கும். ஆகவே அதைப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே பருத்திக் கையுறை அணிந்தால் வியர்வை உறிஞ்சப்படும். மணிக்கட்டுவரை கையுறையின் வடிவிலேயே அரிப்பு வந்தால் ரப்பரில் கலந்த பொருட்களுக்கே ஒவ்வாமை இருக்கக்கூடும். வேறு வகைக் கையுறை கேட்க வேண்டும். சாக்கடை நீரில் இறங்குவோரின் தோல்வெடிப்பு எலிக்காய்ச்சல் கிருமிக்கு நுழைவாயில் என்பதையும் நினைவில் கொள்க.

தொற்றுகள் மூன்று

சிரங்கு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு பூச்சியால் வருவது. நெருக்கமான வாழிடத்தில் எளிதில் பரவும். உலக நலவாழ்வு நிறுவனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் தரும் 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் பாதம் வரை இரவில் பூசிக் காலையில் குளித்து, ஒரு வாரத்தில் மீண்டும் பூச வேண்டும். வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் பூசாவிட்டால் நோய் சுற்றிச் சுற்றி வரும். குணமான பின்னும் சில வாரம் அரிப்பு இருக்கலாம்.

படர்தாமரை பூஞ்சையால் வருவது. கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு உண்டு. அது அரிப்பை மறைத்துப் பூஞ்சையை வளர்க்கும். மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என 2018-இல் இந்திய அரசு அறிவித்தது. முகத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறும் சில களிம்புகளிலும் இவை கலந்திருக்கும்.

உணர்ச்சியற்ற வெளிர் தேமல் கண்டால் தொழுநோய்ப் பரிசோதனை தேவை. இது பரம்பரை நோய் அன்று, கிருமியால் வருவது. இதற்கான கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம்; முழுதும் குணமாகும்.

சட்டம் தருவது

குரோமியப் புண்ணும் இரசாயனத்தால் வரும் தோலழற்சியும், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களாக இடம்பெற்றிருந்தன. 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அத்தகைய பட்டியலைக் கொண்டுள்ளது. சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கும் அறிவிக்கும் கடமை உண்டு. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும் தொழில்வழித் தோல் நோய்களைத் தன் பட்டியலில் சேர்த்தது: ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்திற்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றியவருக்கு அந்நோய் வந்தால், மறுத்து நிறுவப்படாத வரை அது பணியில் நேர்ந்த விபத்தாகவே அச்சட்டத்தின் கீழ் கொள்ளப்பட்டது. ஒப்பந்ததாரரைக் காட்டி முதன்மை முதலாளி விலகிக்கொள்ளவும் அச்சட்டம் இடம் தரவில்லை. ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் இத்தகைய அட்டவணை இருந்தது.

ஆயினும் இவ்வுரிமைகள் பெரும்பாலும் ஒரு தாளில் தடைபட்டு நிற்கின்றன. வெளிநோயாளர் சீட்டில் "அரிப்பு, களிம்பு" என்று மட்டும் எழுதப்பட்டால், வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு அங்கேயே அழிந்துவிடும். ஆகவே மருத்துவரிடம் மூன்றைச் சொல்லி, சீட்டில் எழுதக் கேட்க வேண்டும்: செய்யும் வேலை, கையாளும் பொருள், விடுப்பில் நோய் தணிகிறதா என்பது. தொடாமல், தொலைவிலிருந்து பார்த்து மருந்து எழுதினால், தொட்டுப் பரிசோதிக்கக் கோருவது நோயாளியின் உரிமை.

கல்லூரி மாணவர்களுக்கு இதில் எளிய பணி ஒன்று உண்டு. உங்கள் தெருவில் இத்தொழில்களில் உள்ளோரின் ஒப்புதலுடன், புண்களைத் தேதியிட்டுப் படம் எடுத்து வையுங்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். சீட்டில் வேலையின் பெயர் எழுதப்பட்டதா என்று படித்துப் பாருங்கள். எழுதப்படாவிட்டால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.