ஆடாமல் காத்த மானம்

நம் தூத்துக்குடித் துறைமுகம் இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்ட ஆண்டு 1974. அதே ஆண்டில் டென்னிஸ் ஆட்டத்தில் நம் நாடு மேற்கொண்ட ஒரு முடிவை நம் சமுதாய இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

டேவிஸ் கோப்பை 1900இல் தொடங்கிய போட்டியாகும். அந்நாளில் இரு நாடுகள் மோதினால் நான்கு ஒற்றையர் ஆட்டங்களும் ஓர் இரட்டையர் ஆட்டமும் நடைபெறும். அவற்றுள் மூன்றில் வென்ற நாடே வென்றதாகும். களத்தில் நிற்பவர் தனியொருவர். அவர் பெறும் வெற்றியோ நாட்டின் கணக்கில் சேரும். 1966இல் கல்கத்தாவில் பிரேசிலும் இந்தியாவும் இரண்டிரண்டு ஆட்டங்களில் வென்றிருந்தன. ஐந்தாவது ஆட்டத்தில் தமிழரான இராமநாதன் கிருஷ்ணன், தோற்கும் நிலையிலிருந்து மீண்டு தாமஸ் கோச்சை வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றை அடைந்தது. அங்கே ஆஸ்திரேலியாவிடம் தோற்றது.

1974இல் அதே ஆஸ்திரேலியாவை 3–2 என்றும், சோவியத் நாட்டை 3–1 என்றும் வென்று இந்தியா மீண்டும் இறுதிச் சுற்றுக்கு வந்தது. சென்னையைச் சேர்ந்த விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் அணியின் தூண்களாய் நின்றனர். எதிரே நின்ற நாடு தென்னாப்பிரிக்கா.

அந்நாட்டில் அன்று நடந்தது நிறவெறி ஆட்சி. பள்ளியும் குடியிருப்பும் கடற்கரையுங்கூட நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழருள் ஒடுக்கப்பட்டோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்களும் அங்கே ஒதுக்கப்பட்டே வாழ்ந்தனர். தனிக்குவளையின் கசப்பை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1946இலேயே அந்நாட்டோடு வாணிபத்தை நிறுத்திய இந்தியா, இறுதிப் போட்டியில் ஆடவும் மறுத்தது. ஆட்டமின்றியே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. இழப்பு சிறிதன்று. 1987இல் இந்தியா மூன்றாம் முறை இறுதிச் சுற்றை அடைந்து ஸ்வீடனிடம் தோற்றது. இன்றுவரை அக்கோப்பை நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் 1994இல் தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தாரும் வாக்களித்து நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவரானபோது, அன்றைய மறுப்பின் நியாயத்தை உலகம் கண்டது.

கடல்கடந்த நிறவெறிக்காகக் கோப்பையையே துறந்த நாடு, தன் ஊர்களிலுள்ள தீண்டாமையையும் அதே உறுதியோடு துறக்கவேண்டும் எனக் கேட்கும் உரிமை நமக்குண்டு. அவ்வுரிமையைக் கேட்டுப்பெறக் கல்வி வேண்டும். உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைத்தோரின் பிள்ளைகளாகிய நாம், தேர்வுக் கூடத்தில் தனித்தனியே அமர்கிறோம். அங்கே நாம் பெறும் ஒவ்வொரு வெற்றியும் சமுதாயத்தின் கணக்கில் சேர்வதாகுக!