வீதமும் நாளும்: பதுளைத் தோட்டப் பிரதிநிதிகளும் தொழில் பற்றிய பாராளுமன்றப் பேச்சும்

பதுளை மாவட்டத் தோட்டங்களில் வாக்குக் கேட்டு மேடையேறுபவர் ஒரு தொகையைச் சொல்லாமல் இறங்குவது அரிது. 2015 பொதுத்தேர்தலையொட்டி அந்தத் தொகை 1,000 ரூபாவாக இருந்தது. 2024இல் அது 1,700. இப்போது 1,750. பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணிடம் அவர் தெரிவுசெய்த உறுப்பினரின் பொருளாதாரக் கொள்கை என்னவென்று கேட்டால், பெரும்பாலும் இந்த எண்களே பதிலாக வரும். தொகை அற்பமானது என்று நான் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின அளவீட்டின்படி நாட்டின் வறுமை வீதம் 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம். அந்த நிலையில் ஐம்பது ரூபாவும் சோற்றுக்கணக்குத்தான்.

என் வாதம் வேறு. நாட்சம்பள வீதத்தைத் தீர்மானிப்பது பாராளுமன்றம் அல்ல. கூட்டு ஒப்பந்த மேசையிலோ, சம்பள நிர்ணய சபையிலோ, வர்த்தமானியிலோ அது முடிவாகிறது. பாராளுமன்றத்தின் கையில் இல்லாத ஒன்றைத் தன் முதன்மைக் கொள்கையாக வைத்துக்கொள்ளும் உறுப்பினர், அது யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கத்திலேயே நிற்க நேர்கிறது. பதுளைப் பிரதிநிதிகள் தேசிய அரசியலில் காட்டிய தடுமாற்றத்துக்கும், தோட்டங்களில் வேலை நாட்கள் கரைந்தபோது அவர்கள் பேசாதிருந்ததற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். 2016 ஒக்டோபரில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தம் 730 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500. மீதி விலைப் பங்குக் கொடுப்பனவு 30, உற்பத்தி ஊக்குவிப்பு 140, வருகை ஊக்குவிப்பு 60. 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் அடிப்படை 700 ஆனது. விலைப் பங்கு 50 ஆனது. உற்பத்திக்கும் வருகைக்குமான கொடுப்பனவுகள் நீங்கின. அடிப்படையில் 200 ரூபா உயர்வு என்று அது மேடைகளில் கொண்டாடப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்கு அடிப்படைச் சம்பளமே கணக்கென்பதால் அதில் உண்மையான நன்மையும் இருந்தது. ஆனால் ஒழுங்காக வேலைக்கு வந்து, கேட்ட கிலோவையும் எடுத்த ஒரு தொழிலாளியின் கைக்கு அதிகமாக வந்தது நாளொன்றுக்கு 20 ரூபா. இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளர் என்ற முறையில் அந்த ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர் வடிவேல் சுரேஷ். அதே வேளையில் அவர் பதுளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்.

ஒருவரே தொழிற்சங்கத் தலைவராகவும் சட்டசபை உறுப்பினராகவும் இருப்பது மலையகத்தின் நீண்ட மரபு. அதை முற்றாகத் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. குடியுரிமை பறிக்கப்பட்டிருந்த பல தசாப்தங்களில் சங்கமே இம்மக்களின் பாராளுமன்றமாக இருந்தது. சந்தாவே அவர்களின் வாக்காக இருந்தது. எனினும் இந்த இரட்டைப் பொறுப்பு உறுப்பினரின் கண்ணோட்டத்தைக் குறுக்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். சங்கம் பேரம் பேசுகிறது, சட்டமன்றம் விதி எழுதுகிறது. பேரத்தின் மொழியே விதியின் மொழியாகவும் ஆகிவிட்டபோது, பேரத்துக்கு வராத கேள்விகள் பாராளுமன்றத்துக்கும் வராமல் போயின.

வேலை நாட்களின் எண்ணிக்கை அவற்றில் தலையாயது. பழைய கூட்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 300 நாள் வேலை வழங்கும் ஏற்பாடு இருந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியே 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவுமாக 1,000 ரூபா வர்த்தமானியில் வெளியானபோது, பெருந்தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. ஆறு ஆண்டுக் கோரிக்கை வென்றது. வீதம் அல்லாத மற்றப் பாதுகாப்புகள் அதே வேளையில் பிடிமானமற்றுப் போயின. பல தோட்டங்களில் முழுப்பேருக்கு, அதாவது முழுநாட் சம்பளத்துக்கு, 20 கிலோ கேட்கப்பட்டது. எடுக்க முடியாதவருக்கு அரைப்பேர் விழுந்தது. ஆயிரம் ரூபா வீதத்தில் 20 நாள் வேலை செய்பவர் மாதம் 20,000 ரூபா பெறுவார். வீதம் 1,350 ஆகி நாட்கள் 12 ஆகச் சுருங்கினால் அவர் பெறுவது 16,200. வீதம் ஏறியபோதே வருமானம் இறங்க முடியும் என்பது இவ்வளவு எளிய பெருக்கல். இதை அவையில் ஓயாமல் எழுப்ப வேண்டிய கடமை தோட்ட வாக்கால் சென்ற உறுப்பினர்களுக்கே முதலில் இருந்தது.

ஊவாவில் இந்தப் பெருக்கல் இன்னும் கடுமையானது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலையைத் தாண்டி உலர்ந்து வீசுகிறது. அந்த வரட்சியில் தேயிலைச் செடி திணறி, துளிர் மெல்ல வளர்கிறது. ஊவாத் தேயிலைக்கே உரிய அந்தக் கூர்மையான மணம் அப்போதுதான் பிறக்கிறது. கொழும்பு ஏலத்தில் நல்ல விலை பேசுவதும் அந்தப் பருவத்துத் தேயிலைக்குத்தான். மலையில் கொழுந்து குறைவதும் அதே வாரங்களில். எடைக்கு வராத கூடையோடு நிற்கும் பெண்ணின் பேர் அரைப்பேராகும் காலமும், அவர் பறித்த இலையின் மணத்துக்கு உலகம் அதிக விலை கொடுக்கும் காலமும் ஒன்றே. கிலோ அளவு பருவத்துக்கும் மலைக்கும் ஏற்ப மாற வேண்டும், தர விலையில் பறித்தவருக்குப் பங்கு வேண்டும் என்ற கோரிக்கைகள் இந்த மாவட்டத்தின் உறுப்பினர்களிடமிருந்து எழுவதுதான் இயல்பு. ஆனால் நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் ஒரே தொகையைக் கேட்பதோடு அவர்களின் பேச்சு நின்றது.

இனி நாட்டு அரசியலுக்கு வருவோம். 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கி மகிந்த ராஜபக்ஷவை நியமித்தபோது, வடிவேல் சுரேஷ் புதிய அணியில் இராஜாங்க அமைச்சராகப் பதவியேற்றார். நவம்பரில் பாராளுமன்றம் மீண்டும் கூடியபோது ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கம் திரும்பினார். 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி, ஜனாதிபதியின் அதிகாரங்களை விரித்த 20ஆம் திருத்தச் சட்டத்துக்குப் பதுளை உறுப்பினர் அ. அரவிந்தகுமார் ஆதரவாக வாக்களித்தார். அவரைச் சபைக்கு அனுப்பிய ஐக்கிய மக்கள் சக்தியும் தமிழ் முற்போக்குக் கூட்டணியும் அதை எதிர்த்து நின்றன. பின்னர் அவர் கல்வித்துறை இராஜாங்க அமைச்சரானார்.

இவற்றைத் தனிமனிதப் பதவி ஆசை என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. நம் பத்திரிகைகள் பெரும்பாலும் அதைத்தான் செய்தன. அந்த விளக்கம் போதாது என்பது என் கருத்து. ஒரு லயனுக்குக் கூரைத் தகடு, ஒரு தோட்டத்துக்குப் பாதை, ஒரு பாடசாலைக்கு ஆசிரியர், நாட்சம்பளத்தில் ஒரு நூறு ரூபா என்று எதைப் பெறவும் அமைச்சின் வாசலுக்குப் போக வேண்டியிருந்த சமூகத்தில், எதிர்க்கட்சி வரிசையில் உட்காருவது வெறுங்கையோடு ஊர் திரும்புவதற்குச் சமமாகப் பார்க்கப்பட்டது. வாக்காளரும் அப்படியே பார்த்தனர். நாட்டின் அரசியலமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு உறுப்பினர் அளித்த பதில், தோட்டத்துக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குக் கொடுத்த விலையாக மாறியது. இதற்காக நான் அவர்களை மன்னிக்கவில்லை. 20ஆம் திருத்தம் பலப்படுத்திய அதே நிறைவேற்று அதிகாரம்தான் 2021இல் இரசாயன உரத்தை ஓரிரவில் தடைசெய்தது. அதன் அடி தேயிலை மலைகளிலும் விழுந்தது.

இந்தச் சார்புநிலைக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. இரு அங்கத்தவர் தொகுதியாக இருந்த பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா சென்றார். தோட்ட வாக்கு அன்று எவர் தயவிலும் இருக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதையடுத்து வந்த வாக்குரிமைத் திருத்தமும் அந்த வாக்கை அழித்தன. 1952இல் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. தோட்டத் தொழிலாளரின் தலைவரொருவர் மீண்டும் தேர்தலில் வெல்ல 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். இடைப்பட்ட காலத்தில் 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. ஊவாவின் லயன்களிலிருந்து குடும்பங்கள் பதுளை நிலையத்தில் ரயிலேறி மன்னார் வழியே போயின. எஞ்சியோரின் வாக்கு திரும்பிவந்தபோது விகிதாசாரத் தேர்தலும் விருப்பு வாக்கும் வந்திருந்தன. 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டச் சனத்தொகையில் ஏறத்தாழ 18 சதவீதமாக இருந்த மலையகத் தமிழர், தேசியக் கட்சியொன்றின் பட்டியலில் ஏறாமல் ஆசனம் பெறுவது கடினம். பட்டியலைக் கொடுக்கும் கட்சியை எதிர்த்து உறுப்பினர் எவ்வளவு தூரம் பேச முடியும்?

கொஞ்சத் தூரமாவது முடியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அது மேடையில் அதிகம் பேசப்படாத சான்று. 1987இன் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை நிதி செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத்தவர் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களித்தனர். ஆனால் சபையின் பாதையும் விளக்கும் தோட்ட எல்லையில் நின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. குடியிருப்பை மாற்றும் பொறுப்பு கம்பனியுடையதா, அரசுடையதா, உள்ளூராட்சியுடையதா என்ற கேள்விக்கு விடையில்லாமல் எச்சரிக்கை கோப்பில் கிடந்தது. 2018இல் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மலையகப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைக்கான 32ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. அவற்றை முன்னின்று கொண்டுவந்தது தமிழ் முற்போக்குக் கூட்டணி. அரவிந்தகுமாரும் அன்று அதில் இருந்தார். வர்த்தமானியை அடுத்த அரசாங்கம் மாற்றலாம், நீதிமன்றம் நிறுத்தலாம். சட்டத்தை நீக்க இன்னொரு சட்டம் வேண்டும், அதற்கு விவாதமும் வாக்கெடுப்பும் வேண்டும்.

வர்த்தமானி எவ்வளவு நொய்ந்தது என்பதை 2024 காட்டியது. மே தினத்தன்று கொட்டகலையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாவை அறிவித்தார். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சற்று முன், 1,350 ரூபா அடிப்படை நிர்ணயமானது. இந்த மாதங்களில் பாராளுமன்றம் பார்வையாளராகவே இருந்தது.

அவ்வாண்டு நவம்பர் தேர்தல் பதுளையின் பழைய முகங்களை மாற்றியது. ஒன்பது ஆசனங்களில் ஆறு தேசிய மக்கள் சக்திக்குச் சென்றன. கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் தெரிவாயினர். கொழுந்து பறிப்போரில் பெரும்பான்மையினர் பெண்கள்; அவர்களின் மாவட்டத்திலிருந்து ஒரு மலையகத் தமிழ்ப் பெண் பாராளுமன்றம் செல்ல 2024 வரை ஆனது. பெருந்தோட்ட அமைச்சர் சமந்த வித்யாரத்னவும் இதே மாவட்டத்தவர். அமைச்சரும் உறுப்பினர்களும் ஒரே மாவட்டத்தில் இருக்கையில், அமைச்சின் வாசலில் காத்திருக்கும் பழைய நியாயம் இனிச் செல்லாது. 2023 ஒக்டோபரின் ஹட்டன் பிரகடனத்தில் அக்கட்சி காணி, வீடு, சம்பளம், மொழி எனப் பலவற்றை ஏற்றிருக்கிறது. அளவுகோலை அவர்களே தந்திருக்கிறார்கள்.

2026 வரவு செலவுத் திட்டம் அடிப்படையை 1,550 ஆக்க முன்மொழிந்து, நாளொன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்குவிப்பை அரச திறைசேரியிலிருந்து கொடுக்க முன்வந்தது. 500 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. இதை நான் வரவேற்கிறேன், ஒரு தயக்கத்தோடு. 2016இல் கம்பனி கொடுத்த வருகை ஊக்குவிப்பு, 2019இல் நீங்கி, இப்போது வரிப்பணத்தில் திரும்பியிருக்கிறது. வருகைக்குக் காசு கொடுக்கும் அரசு, வருவதற்கு எத்தனை நாள் வேலை தர வேண்டும் என்று கம்பனியிடம் கேட்கும் உரிமையையும் பெறுகிறது. அந்த உரிமையைச் சட்டத்தில் எழுதாவிட்டால், மாதம் பத்து நாள் மட்டும் வேலைக்கு அழைக்கப்படுபவருக்குத் திறைசேரி கொடுப்பது 2,000 ரூபா மட்டுமே. 2026 ஜனவரி முதல் நாட்டின் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதை எட்ட 1,750 ரூபா வீதத்தில் 18 முழுப்பேர் வேண்டும். பழைய 1,350இல் 23 வேண்டியிருந்தது. மற்றத் தொழிலாளர் பலருக்கு மாதத்தால் பேசும் நாடு, தோட்டத் தொழிலாளரிடம் நாளால் பேசிக்கொண்டிருக்கிறது. மாதத்துக்கு இத்தனை நாள் வேலை, தவறினால் அதற்கு ஈடு என்ற விதியைத் தொழிற்சட்டத்தில் கொண்டுவர ஒரு தனிநபர் சட்டமூலம் போதும். அதை முன்வைக்க அமைச்சுப் பதவி தேவையில்லை.

தோட்டத்துக்கு வெளியே போன தலைமுறையைப் பற்றி இந்த அரசியல் இன்னும் குறைவாகவே பேசியிருக்கிறது. லயனில் பிறந்து கொழும்பில் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் நிற்பவர்கள், வளைகுடாவுக்கு வீட்டுப் பணிக்குப் போன தாய்மார், வெலிமடையின் மரக்கறித் தோட்டங்களில் அன்றாடக் கூலிக்குப் போவோர், அயல் சிறுதோட்டங்களில் கொழுந்து எடுப்போர் ஆகியோரின் சம்பளம் எந்தத் தோட்ட வர்த்தமானியிலும் இல்லை. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இல் இதே பதுளையில் தொடங்கியது. தேயிலைத் தொழில்நுட்பம் கற்பிக்கும் அந்த வளாகத்துக்கும் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளின் உயர்தர விஞ்ஞான வகுப்புகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பது தொழிற்கொள்கையே. ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். 2019இல் அதன் காலம் முடிந்தது. மாகாணப் பாடசாலைகளின் ஆசிரியர் நியமனத்தைக் கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட சபை இன்று இல்லை. அத்தேர்தலைக் கோருவதும் தோட்டப் பிள்ளைகளின் வேலைவாய்ப்பைக் கோருவதும் பதுளையில் ஒரே காரியம்.

நிலம் எஞ்சியிருக்கிறது. 1992இல் கம்பனிகளிடம் நிருவாகம் கைமாறியபோது அரச காணி 53 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. அது 2045இல் முடிகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை பதுளை மலைகளை மீண்டும் சரித்தபோது, பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டக் காணி எங்கே என்ற கேள்வி மறுபடி கம்பனியின் குத்தகை எல்லையில் போய் முட்டியது. குத்தகை முடிய இன்னும் நான்கு பொதுத்தேர்தல்கள் அளவுக்குக் காலம் இருக்கிறது. அதன்பின் யாருக்கு, என்ன நிபந்தனையில், தொழிலாளிக்கு எவ்வளவு பங்குடன் என்பதை ஜனாதிபதியின் மே தின மேடை தீர்க்கக் கூடாது. அதற்கான சட்டவரைவைக் கேட்டுப் பாராளுமன்றத்தில் முதல் வினாவை எழுப்ப வேண்டியவர்கள் பதுளையின் இன்றைய உறுப்பினர்கள்.