கடைப்பிடி

ஏற்ற காரியத்தை விடாது நடத்தும் உறுதியைக் ‘கமிட்மென்ட்’ என்று பலரும் சொல்லிவரும் இந்நாளில், அப்பொருளையே தாங்கிய ‘கடைப்பிடி’ என்னும் பழஞ்சொல், ஒற்றை இழந்து ‘கடைபிடி’ என அறிவிப்புப் பலகைகளில் அங்கஹீனப்பட்டு நிற்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. கடை என்பது இங்கே அங்காடியைக் குறிப்பதன்று. கடைபோதல், கடைமுறை ஆகிய சொற்களிற் போல முடிவையே குறிப்பது. ஆகவே, இறுதிவரை பற்றி நிற்றலே இதன் ஆதிப்பொருள் என்று கருதுகிறேன். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில், மறவாமல் மனத்திற் கொள்ளுதல் என்ற பொருளில் பயின்ற இச்சொல், காலக்கிரமத்தில் விதிகளை அனுசரித்தல் என்ற அளவிற் குறுகிவிட்டது. ‘கமிட்மென்ட்’டுக்கு ஈடாகச் ‘சங்கற்பம்’ என்றாலோ, அது தொடக்கத்து நினைவை மாத்திரம் சொல்லும். தொடங்கியதை முடிக்கும் குணத்துக்கோ, முன்னோர் பெயர்ச்சொல்லாகவும் ஆண்ட கடைப்பிடியையே நாம் தயங்காமல் வழங்கலாம்.